தீக்கோழிப் பட்டி

சிலமலையிலிருந்து ஜீப்பு காலை ஐந்தரைக்குக் கிளம்பிவிடும். ஊர் அங்கன்வாடியைத் திறக்கப் பத்து மணி ஆகும். இடைப்பட்ட நேரத்துக்குப் பிள்ளையை யார் கையில் கொடுப்பது என்பதுதான் அன்னக்கொடிக்கு இரண்டு மாதமாகத் தீராத தலைவலி. நாத்தனார் ஜோதி வீட்டில் இருந்தவரை கவலை இல்லை. அவளை ஆவணியில் கம்பத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வாசலில் கட்டிய வாழை வாடுவதற்கு முன்பே, நாலு வயது முத்துப்பிரியாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு அன்னக்கொடி மலையேறத் தொடங்கிவிட்டாள்.

ஜீப்பை ஓட்டியது அவள் புருஷன் பேச்சிமுத்துதான். பதினாலு பெண்களை அடைத்துக்கொண்டு, போடியைத் தாண்டி, முந்தலில் செக்போஸ்ட்டுக்குக் கை காட்டி, கொண்டை ஊசி வளைவுகளை ஒவ்வொன்றாக ஏறிப் போடிமெட்டைத் தொடும்போது பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். மெட்டைத் தாண்டியதும் கேரளம், குளிர் கழுத்தில் கை வைக்கும். அங்கிருந்து இரண்டு மைலில் மஞ்சப்பாறை ஏலக்காய் எஸ்டேட்டு.

அந்த எஸ்டேட்டில் முன்பு ஒரு பிள்ளைக்கொட்டகை இருந்தது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, தொட்டில் கட்ட நாலு விட்டம், பிள்ளை பார்க்க ஒரு ஆயா. இரண்டு வருஷத்துக்கு முன், மூணாறு போகிற கார்க்காரர்களை இறக்கி நிறுத்த முதலாளி ரோட்டோரமாக ஒரு பூங்கா போட்டார். முயல், வான்கோழி, மட்டக்குதிரை, ஈமு, நடுவில் பெரிய கம்பிவலை அடைத்து இரண்டு தீக்கோழிகள். பூங்காவுக்குப் பேர் என்னவோ நீளமாக எழுதியிருந்தது. வேலைக்காரர்கள் 'சூ' என்றார்கள். சூவுக்குத் தீவனம் அடுக்க இடம் வேண்டுமென்று பிள்ளைக்கொட்டகையைக் காலிசெய்தார்கள். ஆயாவைக் காய் எடுக்க அனுப்பினார்கள்.

பிள்ளைகள் மட்டும் வருவது நிற்கவில்லை. சூப்பர்வைசர் கோட்டைச்சாமி முதலில் கண்டும் காணாமல் இருந்தார். பிறகு ஒரு நாள் பெண்களைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இந்தாங்கத்தா, ரோட்டோரம் புள்ளைக உக்காந்திருந்தா டூரிஸ்ட்டுக்காரங்க பாக்க நல்லா இல்லைங்கறாரு மேனேஜரு. தீக்கோழி வேலிக்குப் பின்னாடி படுதா கட்டித் தர்றேன். அங்கிட்டு வச்சுக்கங்க. ரெஜிஸ்டர்ல புள்ளை கிள்ளைன்னு ஒண்ணும் கெடையாது. யாரும் கேட்டா நீங்களும் சொல்லப்படாது."

அதன்படி நீலப் படுதாவுக்குக் கீழே அஞ்சு பிள்ளைகள், ஒரு பாய், ஆளுக்கொரு தூக்குவாளி.

அன்று சனிக்கிழமை, ஐப்பசி மழை கொஞ்சம் வெறித்திருந்தது. மூடுபனி மட்டும் ஏலத்தட்டைகளுக்கு நடுவில் புகை மாதிரி நின்றது. ஏலக்காய் எடுப்பது குனிந்தே செய்கிற வேலை. காய் உச்சியில் காய்ப்பதில்லை. தூர்மூட்டில், தரையோடு தரையாகப் படர்ந்த சரத்தில் காய்க்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தட்டையை விலக்கி, முற்றின காயாகப் பார்த்து, பக்கத்துப் பிஞ்சு உதிராமல் கிள்ள வேண்டும். காலில் அட்டை ஏறினாலும் அந்தச் சரம் முடிந்தபிறகுதான் தட்டிவிட நேரம். ஒரு தூரிலிருந்து அடுத்த தூருக்கு நகரும்போதுதான் தலை நிமிரும். அப்படி நிமிரும்போதெல்லாம் அன்னக்கொடி படுதாவைப் பார்த்துக்கொள்வாள்.

பதினோரு மணி இருக்கும். நல்ல காய்ப்பு உள்ள ஒரு தூர். எடுத்து முடிக்க நேரமாகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள். படுதாவுக்குக் கீழே நாலு தலைதான் இருந்தது.

"ஏ கற்பகம், எம்புள்ளைய எங்க?"

பக்கத்து வரிசையில் இருந்த கற்பகம் பதில் சொல்வதற்குள் சூவின் பக்கமிருந்து கூச்சல் எழுந்தது. ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்துகிற கூச்சல். அன்னக்கொடிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கால் தானாக ஓடியது.

வேலிக்கு உள்ளே, மணலில் பறித்த பள்ளத்தில், முத்துப்பிரியா உட்கார்ந்திருந்தாள். அவள் தலையளவு பெரிய முட்டை ஒன்றை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இருபதடி தள்ளிச் சேவல் தீக்கோழி நின்றது. கறுப்பு இறக்கையை விரித்து, சிவந்த கழுத்தை ஊதி, பாம்பு மாதிரிச் சீறியது. அடுத்த பக்கத்துக் கம்பிக்கு வெளியே கார்க்காரர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்து, "பாப்பா, ஓடு, ஓடு" என்று கத்தினார்கள். அந்தச் சத்தம் பறவையை இன்னும் கிளப்பிவிட்டது.

வேலியின் அடியில் கம்பியை வெட்டிச் சின்னதாக ஒரு வழி இருந்தது. தீவனச் சாக்கைக் கொட்டகையிலிருந்து நேராக உள்ளே தள்ளுவதற்காக வெட்டியது. அதற்கு மறைப்பாக ஒரு கிழிந்த சாக்குத் தொங்கியது. பிள்ளை அந்த வழியாகத்தான் போயிருக்கிறாள். அன்னக்கொடி முதலில் தலையை நுழைத்தாள். தோள் சிக்கியது. கம்பிமுனை சட்டையைக் கிழித்துச் சதையையும் கிழித்தது. அவள் நிற்கவில்லை. உள்ளே விழுந்து எழுந்தாள்.

"முத்து, அசையாத அப்பு. அப்படியே இரு."

சேவல் திரும்பி அவளைப் பார்த்தது. ஆளைவிட உயரம். ஒரு உதை விட்டால் குடல் வெளியே வந்துவிடும் என்று தீக்கோழி பார்க்கிற ஜக்கையன் முன்பே சொல்லக் கேட்டிருக்கிறாள். இடுப்பில் இருந்த காய்க்கூடையைக் கழற்றி அதன் முன்னால் எறிந்தாள். பச்சைக் காய் சிதறியது. சேவல் கூடையைக் கொத்தத் தலையைத் தாழ்த்தியது. அந்த ஒரு நொடிதான். மழைக்குப் போர்த்தவென்று இடுப்பில் சுற்றியிருந்த கொங்காணிச் சாக்கை உருவி அதன் தலையில் கவிழ்த்து, கழுத்தோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துத் தொங்கிவிட்டாள். கோழி எதுவானாலும் கண்ணை மறைத்தால் அடங்கும் என்பது அவளுக்குத் தெரியும். வீட்டில் எத்தனை சேவலைப் பிடித்திருக்கிறாள்! அது நாலடி தடுமாறியது, இவளை இழுத்தது, அப்புறம் மந்திரம் போட்டமாதிரி நின்றுவிட்டது.

ஈமுக்களுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்த ஜக்கையன் அப்போதுதான் ஓடிவந்தார். பிள்ளையைத் தூக்கினார். அவள் முட்டையை விடவில்லை. முட்டையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனார்.

அவர் திரும்ப வந்து சேவலைப் பிடித்துக்கொண்டதும் அன்னக்கொடி வெளியே வந்து உட்கார்ந்தாள். பிள்ளையை மடியில் போட்டு, தலையிலிருந்து பாதம்வரை தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. ஜக்கையன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டார்.

"மூணு தடவை சொன்னேன்த்தா. அந்த ஓட்டைக்கு ஒரு கேட்டு போடுங்கன்னு மூணு தடவை சொன்னேன்."

மூன்று மணிக்குள் கார்க்காரர்கள் எடுத்த வீடியோ போடி, தேனி, மதுரை எல்லாம் சுற்றிவிட்டது. யாரோ அதற்கு மேல், 'பிள்ளையைத் தீக்கோழிக்கு விட்டுவிட்டு வேடிக்கை பார்த்த தாய்' என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே ஆயிரம் பேர் ஏசினார்கள். சாக்கைப் போட்டு அடக்கியது வீடியோவின் கடைசியில்தான் வருகிறது. அதுவரைக்கும் யாருக்குப் பொறுமை?

சாயங்காலம் மேனேஜர் விஜயகுமார் அன்னக்கொடியை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசையில் டைப் அடித்த தாள் ஒன்று இருந்தது.

"உக்காரும்மா. பயந்துட்டியா? நல்லவேளை, ஒண்ணும் ஆகல. திங்கக்கிழமை லேபர் ஆபீசுல இருந்து மேடம் விசாரிக்க வர்றாங்க. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

அன்னக்கொடி எட்டாவது வரை படித்தவள். தாளை எடுத்து வரிவரியாக வாசித்தாள். எஸ்டேட்டுக்குத் தெரியாமல் பிள்ளையை அழைத்துவந்ததாகவும், தன் கவனக்குறைவால் மட்டுமே பிள்ளை அடைப்புக்குள் போனதாகவும் எழுதியிருந்தது.

"தெரியாமக் கூட்டியாரல சார். படுதாவே நீங்கதானே கட்டச் சொன்னீங்க?"

"நான் எப்ப சொன்னேன்?"

அன்னக்கொடி வாசலோரம் நின்ற கோட்டைச்சாமியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் யோசிக்கணும் சார்."

"யோசி. ஒம் புருஷனையும் யோசிக்கச் சொல்லு. நம்ம எஸ்டேட்டு ஆள் லோடைத்தான அவன் ஓட்டுறான்? வேற ஜீப்பு வேணும்னா நாளைக்கே பத்து வந்து நிக்கும்."

வீட்டுக்கு வந்ததும் அன்னக்கொடி அடுப்பைப் பற்றவைத்தாள். சோறு கொதித்தது. நெத்திலிக் கருவாட்டை வறுத்து, காய்ந்த மிளகாயும் புளியும் வைத்துத் துவையல் அரைக்க உட்கார்ந்தாள். தோள்பட்டை எரிந்தது. பிள்ளை ஒன்றும் நடக்காத மாதிரி, "அம்மா, கோழி முட்டைக்குள்ள எத்தனை குஞ்சு இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள்.

பேச்சிமுத்து கதவுநிலையில் சாய்ந்து நின்றான்.

"போட்டுத் தொலைக்க வேண்டியதுதான? ஒரு கையெழுத்துல என்ன கொறஞ்சு போகுது?"

"என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா மாமா?"

"எதையோ எழுதிட்டுப் போறாங்க. புள்ளை நல்லா இருக்கால்ல? ஜீப்புக்கு இன்னும் ரெண்டு வருஷம் தவணை இருக்கு. லோடை நிறுத்திட்டாங்கன்னா என்ன செய்யச் சொல்ற?"

"நாளைக்கு இவ படிச்சுப் பெரியாளாகி அந்தத் தாளைப் பாத்தா?"

"இவ எங்கிட்டு போயி அதைப் பாக்கப் போறா?"

"சரி, இவ பாக்கல. வேற ஒருத்தி புள்ளை நாளைக்கு உள்ள போவுமே. அப்பவும் இதே தாளைத்தான நீட்டுவாக? பேரை மட்டும் மாத்தி?"

அவன் தூங்குகிற பிள்ளையைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"நீ கொஞ்சம் பாத்துருக்கலாம்ல?"

அம்மியில் கை நின்றது. அவள் அழுவாள் என்று அவன் நினைத்தான். அவள் அழவில்லை.

"பாத்துருக்கலாம். ஒரு தூரு எடுக்குற நேரம் பாக்கல. அதை நான் இல்லைங்கல மாமா. சாகுறவரைக்கும் அது எனக்குள்ள கெடக்கும். ஆனா ஓட்டையை வெட்டுனது நானா? கொட்டாயைப் பூட்டுனது நானா? எல்லாத்தையும் என் ஒருத்தி தலையில கட்டுனா எப்படி?"

சட்டை தோளில் ஒட்டி இரத்தம் உறைந்திருந்ததை அப்போதுதான் அவன் கவனித்தான். வெந்நீர் கொண்டுவந்து நனைத்து, மெதுவாகப் பிரித்தான். கழுத்தடியிலிருந்து முதுகுவரை நீளமாகக் கிழிந்திருந்தது.

"ஆத்தாடி... இம்புட்டு ஆழமாவா?"

"ஓட்டை புள்ளை அளவுக்குத்தான இருந்துச்சு."

பேச்சிமுத்து மஞ்சளைக் குழைத்துத் தடவினான்.

ஞாயிற்றுக்கிழமை அன்னக்கொடி வீட்டில் இருக்கவில்லை. கற்பகத்தைக் கூட்டிக்கொண்டு சிலமலையில் தெருத்தெருவாக நடந்தாள். போடியிலும் மூன்று தெருவுக்குப் போனாள். மஞ்சப்பாறைக்குக் காய் எடுக்க வருகிற பெண்களில் கைப்பிள்ளை, நடைபிள்ளை வைத்திருப்பவர்களாகப் பார்த்துப் பேசினாள். சிலர் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள். சிலர் மூத்த பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் நிறுத்தி, அவளிடம் விட்டுவிட்டு வருகிறவர்கள்.

"நாளைக்கு ஒரு நாள் புள்ளையைத் தூக்கிட்டு வாங்க. வேற ஒண்ணும் வேணாம். வாயைக்கூடத் தெறக்க வேணாம். புள்ளையை மட்டும் கொண்டாங்க."

"சோலி போயிருமே அன்னம்?" என்றாள் ஒருத்தி.

"அம்புட்டுப் பேரையும் அனுப்பிட்டா காயை யாரு எடுப்பா? தூருல கெடந்து பழுக்கட்டும்னு விட்டுருவாகளா?" என்றாள் கற்பகம்.

ஞாயிறு முழுக்கப் பேச்சிமுத்து எங்கே போனான் என்று அன்னக்கொடிக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குத்தான் தெரிந்தது. எஸ்டேட்டுக்கு லோடு அடிக்கிற எட்டு ஜீப்பும் திருவிழா வண்டிகள் மாதிரி வரிசையாக நின்றன. மற்ற டிரைவர்களிடம் அவன் பேசியிருக்கிறான். பிள்ளைகளை ஒவ்வொன்றாக வாங்கி உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தான்.

"லோடு போனா?" என்று அவள் கேட்டாள்.

"ஏறு புள்ளே, வெரசா" என்றான் அவன்.

எஸ்டேட்டில் இறங்கிய பெண்கள் காட்டுக்குள் போகவில்லை. ஆபீசுக்கு முன்னால் காய் காயப்போடுகிற களத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். சாரல் விழுந்தது. ஒரே பிளாஸ்டிக் தாளுக்குக் கீழே ஆறேழு பிள்ளைகள் தலையை நீட்டின. இட்லியும் புளிச்சோறும் கைமாறின. ஒன்று அழுதால் பக்கத்தில் இருப்பது சேர்ந்து அழுதது. மேனேஜர் வெளியே வந்து பார்த்து வெலவெலத்துப் போனார்.

"யோவ் கோட்டைச்சாமி! மேடம் வர்றதுக்குள்ள இதுகளை அங்கிட்டு ஓட்டுய்யா!"

கோட்டைச்சாமி களத்தைப் பார்த்தார். கற்பகத்தின் கைப்பிள்ளை அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"எங்கிட்டு ஓட்டுறது சார்?" என்றார் அவர். "படுதாவுக்குக் கீழ அஞ்சு புள்ளைதான் கொள்ளும்."

பத்து மணிக்கு லேபர் மேடம் வந்து இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். மலையாளம் கலந்த தமிழில் பேசினார்.

"எந்தா இது? இத்தனை குட்டிகளா?" என்றவர், மேனேஜரிடமிருந்து ரெஜிஸ்டரை வாங்கிப் புரட்டினார். "இதுல பிள்ளைகள் யாரும் இல்லைன்னு எழுதியிருக்கே?"

"எல்லாம் இன்னைக்கு வேணும்னே கூட்டி வந்தது மேடம். எப்பவும் வராது. அந்தம்மா மட்டும்தான் திருட்டுத்தனமா..."

மேடம் அவர் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. களத்தில் இறங்கி, ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். முப்பத்தேழு.

"அன்னக்கொடி யாரு?"

அன்னக்கொடி எழுந்தாள். பிள்ளை இடுப்பில் இருந்தாள்.

"சொல்லும்மா. உங்க மேல தப்பே இல்லைன்னு சொல்றீங்களா?"

"இருக்கு மேடம். ஒரு தூரு காய் எடுக்குற நேரம் நான் எம்புள்ளையைப் பாக்கல. அது எம்பங்கு. எழுதுங்க, கையெழுத்துப் போடுறேன். ஆனா அந்தத் தாள்ல நான் மட்டும் ஒத்தையில நிக்க மாட்டேன். கொட்டாயைத் தீவனத்துக்குக் கொடுத்தவுக பேரையும் எழுதுங்க. புள்ளைகளைத் தீக்கோழிக்குப் பக்கத்துல கொண்டு வைக்கச் சொன்னவுக பேரையும் எழுதுங்க. வேலியை வெட்டிச் சாக்கைத் தொங்கவிட்டவுக பேரையும் எழுதுங்க. அவுகவுக பங்குக்கு அவுகவுக கையெழுத்துப் போடட்டும். மொத ஆளா நான் போடுறேன்."

மேடம் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார்.

"வேலியை யாரும் வெட்டலை மேடம்" என்றார் மேனேஜர். "காட்டுப்பன்னி முட்டியிருக்கும்."

அன்னக்கொடி சூவின் வாசலைப் பார்த்தாள். ஜக்கையன் தீவனச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஜக்கையண்ணே, அன்னைக்கு எங்கிட்ட சொன்னதை இங்க வந்து சொல்லுங்க."

ஜக்கையனுக்கு மகள் கல்லூரியில் படிக்கிறாள். இந்தச் சோலி போனால் வேறு சோலி இல்லாதவர். அவர் சட்டியைக் கீழே வைத்தார். கையை வேட்டியில் துடைத்தார். நடந்து வருவதற்கு நெடுநேரம் ஆனமாதிரி இருந்தது. வந்தவர் செல்போனை எடுத்து விரலால் தள்ளித் தள்ளி ஒரு இடத்தில் அழுத்தினார். அவருடைய குரலே கேட்டது.

"சார், நீங்க வெட்டச் சொன்ன ஓட்டைக்கு ஒரு கேட்டு போடுங்க சார். ஆளைக் கொறச்சுட்டீங்க, நான் ஒருத்தன் எத்தனை பக்கம் பாப்பேன்? பக்கத்துல புள்ளைக வெளாடுது. சேவலு இப்ப ரொம்ப ஆங்காரமா இருக்கு சார்."

"மூணு தடவை சாருக்கு வாட்சப்புல அனுப்பியிருக்கேன் மேடம். தேதி இருக்கு. மூணுக்கும் நீல டிக்கு விழுந்திருக்கு" என்றார் ஜக்கையன்.

மேடம் செல்போனைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு கோட்டைச்சாமியைப் பார்த்தார்.

"படுதா?"

"நான்தான் மேடம் கட்டுனேன். சார் சொல்லிக் கட்டுனேன்" என்றார் கோட்டைச்சாமி. சொல்லிவிட்டுப் பெரிய மூச்சு ஒன்று விட்டார். "எம்பங்கையும் எழுதிக்கங்க."

மேனேஜர் கையில் வைத்திருந்த டைப் அடித்த தாளை மேடம் வாங்கி மடித்துத் தன் ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு, வெள்ளைத் தாள் ஒன்று கேட்டார். எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. வேலி இன்றைக்கே அடைபட வேண்டும். அடைத்ததைத் தான் வந்து பார்க்கிறவரை சூ திறக்கக் கூடாது. பிள்ளைக்கொட்டகை இப்போதே திறக்க வேண்டும், ஆயா திரும்ப வர வேண்டும். இந்த விஷயத்துக்காக ஒருவர் வேலையிலோ ஜீப்பிலோ கை வைத்தால், அடுத்த முறை தான் தனியாக வரமாட்டேன் என்றார். முதலில் அன்னக்கொடி கையெழுத்துப் போட்டாள். அப்புறம் கோட்டைச்சாமி. கடைசியில் மேனேஜர் விஜயகுமார் பேனாவை வாங்கினார். அவர் கை சாவகாசமாகத்தான் நகர்ந்தது.

"சாவி?" என்றார் மேடம்.

கொட்டகைக் கதவு திறந்ததும் பெண்கள் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. வரிசையாக நின்று, தீவன மூட்டைகளைக் கைமாற்றிக் கைமாற்றி வெளியே தள்ளினார்கள். டிரைவர்கள் கீழே அடுக்கினார்கள். கற்பகம் விளக்குமாற்றை எடுத்தாள். பழைய ஆயா ரோஜா, காய்க்கூடையைத் தூர வீசிவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவ உட்கார்ந்தாள். மதியச் சோற்றுக்குள் நாலு விட்டத்திலும் சேலைத் தொட்டில் தொங்கியது. பிள்ளைகள் ஈரத் தரையில் வழுக்கி வழுக்கி விளையாடின. பால் இல்லாத கட்டன் சாயா போட்டு மேடத்துக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். அவர் தொட்டிலை ஆட்டிக்கொண்டே குடித்தார்.

சாயங்காலம் ஜீப்பு இறங்கியது. மழை விட்டு, கீழே போடியும் வயல்களும் தென்னந்தோப்புகளும் கழுவிவிட்ட மாதிரித் தெரிந்தன. பெண்கள் ஆளுக்கொரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரே பேச்சாக வந்தார்கள். மூன்றாவது வளைவு திரும்பும்போது பேச்சிமுத்து முன்னாலிருந்து கேட்டான்.

"ஏம் புள்ளே, அந்தத் தாள்ல ஊருபட்ட பேரு இருக்கு. எம்பேரு மட்டும் இல்லையே?"

"அதான, புள்ளைக்கு அப்பன்னு ஒருத்தர் இருக்காருல்ல?" என்றாள் கற்பகம்.

அன்னக்கொடி தூங்குகிற மகளின் தலையை நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள்.

"உங்க பங்கு பெருசு மாமா. அதுக்கு ஒரு தாள் பத்தாது. வீட்டுக்கு வாங்க, நான் துவையல் அரைக்கச் சொல்லித் தர்றேன். அரைச்சுக்கிட்டே கேளுங்க, ஒண்ணொண்ணாச் சொல்றேன்."

ஜீப்பு குலுங்குகிற அளவுக்குச் சிரிப்பு எழுந்தது. சிரிப்பு முடிகிற இடத்தில் கற்பகம் குலவை போட்டாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பின்னால் வந்த ஜீப்பு அதை வாங்கிக்கொண்டது, அதற்குப் பின்னால் வந்தது அதை வாங்கிக்கொண்டது. மலை முழுக்கக் குலவை. பேச்சிமுத்து வெட்கத்தில் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழி விட வேண்டும் என்பது மலைப்பாதை வழக்கம். அன்றைக்கு எதிரே ஏறிவந்த பஸ்சு, எட்டு ஜீப்பும் கடந்து போகிறவரை ஓரமாக ஒதுங்கி நின்றது.